மூன்று ஓய்வுநாள் உள்ள ஊர்: ஜெருசலேம் பயணக் கேள்வி பதில்

ஜெருசலேமின் பழைய நகரத்தை வழிகாட்டியுடன் ஒரே நாளில் பார்க்கப் போகிறவர்கள் அனுப்பிய கேள்விகளில், பலருக்கும் பயன்படக்கூடியவற்றை இந்த இதழில் எடுத்துக்கொண்டிருக்கிறோம்.

கேள்வி: எங்கள் சபையிலிருந்து 38 பேர் போகிறோம். பயண நிறுவனம் ஜெருசலேமுக்கு ஒரே ஒரு நாள்தான் ஒதுக்கியிருக்கிறது, அதுவும் வெள்ளிக்கிழமை. அந்த நாள் சரிதானா?
– வாசகர், நாகர்கோவில்

பதில்: முடிந்தால் மாற்றச் சொல்லுங்கள். பயணச் சீட்டு போடுவதற்கு முன்பே இதைக் கேட்டது நல்லது.

அந்த ஊரில் வாரத்துக்கு மூன்று ஓய்வுநாள். வெள்ளி முஸ்லிம்களுக்கு, சனி யூதர்களுக்கு, ஞாயிறு கிறிஸ்தவர்களுக்கு. ஒரு சதுர கிலோமீட்டர்கூட இல்லாத மதிலுக்குள் மூன்று சமூகங்களும் நெருக்கியடித்து இருப்பதால், ஒருவருடைய ஓய்வுநாள் மற்ற இருவருடைய தெருவையும் பாதிக்கும்.

வெள்ளியன்று, அல்-அக்ஸா பள்ளியும் பொன்னிறக் குவிமாடமும் இருக்கும் ஹரம் அல்-ஷரீஃப் வளாகத்துக்குள் சுற்றுலாப் பயணிகளை விடுவதே இல்லை. மதிய ஜும்ஆ தொழுகைக்குப் பல்லாயிரம் பேர் வருவார்கள். தொழுகை முடிந்து அவர்கள் வெளியேறும் நேரத்தில் தமஸ்கு வாசல் பக்கத்துச் சந்துகளில் எதிர்த்திசையில் நடக்கவே முடியாது. 38 பேரை ஒன்றாக வைத்துக்கொள்வதைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். பிற்பகலில் இஸ்ரேலியப் பேருந்தும் டிராமும் நின்றுவிடும், சனி இருட்டிய பிறகுதான் மறுபடி ஓடும். வெள்ளிக்கு உள்ள ஒரே பெரிய ஆதாயம், பிரான்சிஸ்கன் துறவிகள் பிற்பகல் 3 மணிக்கு (கோடைக்கால நேரத்தில் 4 மணிக்கு) இயேசு சிலுவை சுமந்து நடந்ததாகச் சொல்லும் தெருக்களில் நடத்தும் சிலுவைப் பாதை ஊர்வலம். அதில் நடக்கவேண்டும் என்பதே உங்கள் நோக்கமென்றால் வெள்ளி சரி; ஆனால் வளாகத்தைப் பார்க்கும் ஆசையை விட்டுவிட வேண்டும்.

சனிக்கிழமையும் வளாகம் பயணிகளுக்குக் கிடையாது, யூதப் பகுதியில் கடைகளும் அடைத்திருக்கும். ஞாயிறன்று, இயேசுவின் கல்லறை என்று சிலர் நம்பும் கல்லறைத் தோட்டமும், ஒலிவ மலையில் ‘பரமண்டலங்களிலிருக்கிற எங்கள் பிதாவே’ ஜெபத்தை நூற்றுக்கும் மேற்பட்ட மொழிகளில் ஓட்டுப் பலகைகளில் பதித்திருக்கும் பாத்தர் நோஸ்தர் ஆலயமும் மூடியிருக்கும். தமிழ்ப் பலகையைத் தேடிப் போகிறவர்கள் இதை மறந்து ஏமாந்துபோவார்கள்.

மிச்சமிருப்பது நான்கு நாள். அவற்றில் திங்களும் வியாழனும் காலையில், யூதர்கள் ஜெபிக்கும் மேற்குச் சுவர் அருகே திருவிழாக் கூட்டமாக இருக்கும். யூத வேதமான தோராவை வாசிக்கும் நாட்கள் என்பதால், 13 வயது நிறைந்த பையன்களைக் குடும்பத்தார் மேளமும் கொம்பும் முழங்க அழைத்து வருவார்கள். பார்க்க அருமையான காட்சிதான், ஆனால் சோதனைச் சாவடி வரிசை நீளும். அமைதியாகப் பார்க்க விரும்புகிறவர்களுக்குச் செவ்வாயும் புதனும்தான் எங்கள் தேர்வு.

கேள்வி: காலையிலிருந்து இரவு வரை எந்த வரிசையில் பார்ப்பது? வரைபடத்தைப் பார்த்தால் எல்லாம் பக்கத்தில்தான் இருக்கிறது. யாப்பா வாசலில் ஆரம்பித்து நேராக நடந்தால் போதாதா?
– ஆசிரியை, பாளையங்கோட்டை

பதில்: எல்லாம் பக்கம்தான், அம்மா. அதனால்தான் பலர் ஏமாறுகிறார்கள். அங்கே தூரத்தை வைத்துத் திட்டம் போட்டால் பூட்டிய கதவுகளின் முன்னால் நிற்க வேண்டியிருக்கும். கதவு திறக்கும் நேரத்தை வைத்துத்தான் போட வேண்டும்.

நாளைத் தொடங்க வேண்டிய இடம் குப்பைமேட்டு வாசல். நெகேமியா புத்தகத்தில் வரும் அதே பெயர்தான். முஸ்லிம் அல்லாதவர்கள் வளாகத்துக்குள் போக ஒரே வழி, அந்த வாசலுக்குள் மேற்குச் சுவரை ஒட்டி ஏறும் முக்ரபி மரப்பாலம். 2004இல் அங்கிருந்த மண்மேடு சரிந்த பிறகு தற்காலிகமாகப் போட்டது, இன்றும் அதுவேதான். ஞாயிறு முதல் வியாழன் வரை, காலையில் மூன்று, நான்கு மணி நேரமும் மதியத் தொழுகைக்குப் பிறகு ஒரு மணி நேரமும் மட்டும் விடுவார்கள். கோடைக்கும் குளிர்காலத்துக்கும் நேரம் மாறும், ரமலானில் இன்னும் சுருங்கும். திறக்கும் நேரத்துக்கு அரை மணி முன்னதாக வரிசையில் நில்லுங்கள். மதிய நேரத்தை நம்ப வேண்டாம். அந்த ஒரு மணியில் வரிசையின் பின்பாதி வெளியிலேயே நின்றுவிடும்.

வளாகத்தில் ஒரு மணி நேரம் போதும். கட்டடங்களுக்குள் முஸ்லிம் அல்லாதவர்களுக்கு அனுமதி இல்லை. வந்த பாலத்திலேயே திரும்ப வேண்டியதில்லை, மற்ற வாசல்கள் வழியாக வெளியேறலாம். காவலர் காட்டும் வாசலில் இறங்கி, ஏறத்தாழ ஒன்பதரைக்குள் சிங்க வாசல் பக்கமுள்ள புனித அன்னாள் ஆலயத்துக்குப் போய்விடுங்கள். மதியம் அதை மூடிவிடுவார்கள். சிறு கட்டணம் உண்டு, சில்லறை ஷெக்கெல் கையில் இருக்கட்டும். பெதஸ்தா குளத்தின் இடிபாடுகளும் அதே வளாகத்தில்தான்.

அந்த ஆலயத்தில் பாடாமல் வராதீர்கள். 12ஆம் நூற்றாண்டில் சிலுவைப் போர்க்காரர்கள் கட்டியது. வெறும் கல், வளைந்த கூரை, திரையோ பஞ்சோ எதுவும் இல்லை. பாடிய சுரம் பல விநாடிகள் அந்தரத்தில் நிற்கும். வேகமான பாட்டைப் பாடினால் முந்தைய வரியும் அடுத்த வரியும் மோதிக் குழம்பிப்போகும். மெதுவான பாமாலைப் பாட்டொன்றை, எல்லாரும் ஒரே சுரத்தில், வரிக்கு வரி நிறுத்திப் பாடுங்கள். நிறுத்திய இடத்தில் ஆலயம் அதைத் திருப்பிப் பாடும். பக்திப் பாடல் மட்டுமே பாடலாம். அடுத்த குழு காத்திருக்கும், இரண்டு பாட்டோடு முடித்துக்கொள்ளுங்கள்.

அங்கிருந்து சிலுவைப் பாதை தொடங்குகிறது. ஏறத்தாழ 600 மீட்டர். 14 நிலைகளில் முதல் 9 தெருவில், கடைசி 5, இயேசுவின் கல்லறை இருப்பதாக நம்பும் திருக்கல்லறை ஆலயத்துக்குள். நிலைகளைச் சுவரில் பதித்த வட்டத் தகடுகளில் ரோமன் எண்ணாகப் பார்க்கலாம்; கடைகளின் துணி தொங்கி மறைத்திருக்கும், தலை நிமிர்ந்து தேடுங்கள். ஐந்தாம் நிலையில் கதவின் வலப்பக்கச் சுவரில் ஒரு கல் உள்ளங்கை அளவுக்குக் குழிந்து, கைபட்டுக் கைபட்டு வழவழவென்று கறுத்திருக்கும். இயேசு கை ஊன்றிய இடம் என்று நம்பித் தொட்டுப் போகிறார்கள். அதிலிருந்து பாதை படிகளாக ஏறுகிறது. எட்டாம் நிலையும் ஒன்பதாம் நிலையும் நேர்வழியில் இல்லை, போய்த் திரும்ப வேண்டும். அவசரக் குழுக்கள் இந்த இரண்டையும்தான் விட்டுவிடுகின்றன.

பதினொன்றரை வாக்கில் திருக்கல்லறை ஆலயம். இப்போது கல்லறை வரிசையில் நிற்காதீர்கள். ஒன்றிலிருந்து இரண்டு மணி நேரம் அங்கேயே போய்விடும். நுழைந்ததும் வலப்பக்கம் செங்குத்தாக ஏறும் படிகள், இயேசுவைச் சிலுவையில் அறைந்ததாகச் சொல்லும் கல்வாரிக்குப் போகின்றன. அதையும், உடலைக் கிடத்தித் தைலம் பூசியதாகச் சொல்லும் கல்லையும், கல்வாரிக்கு நேர் கீழே பிளந்த பாறை தெரியும் ஆதாம் சிற்றாலயத்தையும் பார்த்துவிட்டுச் சாப்பிடப் போங்கள்.

மூன்று மணிக்கு ஆர்மீனியப் பகுதியில் புனித யாக்கோபு பேராலயம். அன்றாட மாலை வழிபாட்டின்போது மட்டும் சுமார் அரை மணி நேரம்தான் பொதுமக்களுக்குத் திறக்கிறார்கள். விளக்கெல்லாம் எண்ணெய் விளக்கு. மணி அடிக்கத் தடை இருந்த காலத்தில் மணிக்குப் பதிலாகத் தட்டிய பலகைகள் இன்னும் வாசலில் தொங்குகின்றன. படம் எடுக்கக் கூடாது.

அங்கிருந்து சீயோன் வாசலைத் தாண்டினால் மேல்வீட்டறை. கீழ்த்தளத்தில் தாவீதின் கல்லறை என்று யூதர்கள் ஜெபிக்கும் இடம், மேல்தளத்தில் இராப்போஜனம் நடந்ததாகச் சொல்லும் அறை, அதே அறையின் தெற்குச் சுவரில் மக்காவை நோக்கிய தொழுகை மாடம். மூன்று சமயமும் ஒரே கட்டடத்தில் அடுக்கடுக்காக இருப்பதை இவ்வளவு தெளிவாக வேறெங்கும் பார்க்க முடியாது. பல குழுக்கள் ஐந்து நிமிடத்தில் படமெடுத்துவிட்டுக் கிளம்புவது வருத்தமாக இருக்கிறது. அரை மணி கொடுங்கள்.

மாலை ஐந்துக்கு மேற்குச் சுவர். அது இரவு பகல் எப்போதும் திறந்திருக்கும், அதனால்தான் கடைசியில் வைத்தோம். பிறகு கால் மணி நடந்தால் மறுபடி திருக்கல்லறை ஆலயம். மூடுவதற்கு முந்தைய ஒன்றரை மணி நேரத்தில் கூட்டம் கரைந்திருக்கும். குளிர்காலத்தில் மாலை 7 மணிக்கு மூடிவிடுவார்கள், கோடையில் இன்னும் தாமதமாக. கல்லறைக்குள் குனிந்துதான் நுழைய வேண்டும். மூன்று, நான்கு பேர் மட்டுமே நிற்க இடமுண்டு, நிமிடக்கணக்கில்தான் விடுவார்கள். “அதிகாலையிலேயே போனால் என்ன?” என்று சிலர் கேட்கிறார்கள். ஆலயம் திறந்திருக்கும், ஆனால் அந்நேரம் கல்லறையில் பூசைகள் அடுத்தடுத்து நடப்பதால் வரிசையை விடமாட்டார்கள். பூசையில் கலந்துகொள்ள வருகிறவர்களுக்கு அது பொன்னான நேரம். பார்க்க மட்டும் வருகிறவர்களுக்கு மாலையே மேல்.

ஒலிவ மலையை இந்த நாளில் திணிக்காதீர்கள். அதற்கு வேறொரு காலை வேண்டும். காலையில்தான் சூரியன் உங்கள் முதுகுப்பக்கம் இருக்க, நகரம் முழுதும் வெளிச்சத்தில் தெரியும். உச்சியில் இறங்கிக் கெத்சமனே நோக்கிக் கீழே நடக்க வேண்டும். எதிர்த்திசையில் அந்தச் சரிவை ஏறினால் அன்றைக்கு வேறெதுவும் பார்க்க முடியாது.

கேள்வி: நல்ல வழிகாட்டி என்று எப்படித் தெரிந்துகொள்வது? வாசலிலேயே நிறையப் பேர் கூப்பிடுவார்களாமே?
– வாசகர், திருச்சி

பதில்: இஸ்ரேலில் கூலி வாங்கிக்கொண்டு வழிகாட்ட அரசு உரிமம் வேண்டும். சுற்றுலா அமைச்சகம் தரும் அட்டையைக் காட்டச் சொல்லுங்கள். உரிமம் உள்ளவர் கோபித்துக்கொள்ள மாட்டார். யாப்பா வாசலில் தாமாக வந்து “அந்த வழி அடைத்திருக்கிறது, நான் கூட்டிப் போகிறேன்” என்கிறவர் உங்களை ஒரு கடையில் கொண்டுபோய் நிறுத்துவார். வழி அடைத்திருந்தால் காவல்துறையே சொல்லும்.

முன்பதிவு செய்யும்போது ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: “காலை ஏழு மணிக்கு எங்கே நிற்போம்?” பதிலில் மரப்பாலம் வந்தால், அல்லது அன்று அது ஏன் முடியாது என்ற காரணம் வந்தால், அவருக்கு ஊர் தெரியும். எத்தனை கடைகளில் நிறுத்துவார், எவ்வளவு நேரம் என்பதையும் எழுத்தில் வாங்குங்கள். கடைக்குப் போகும் ஒரு மணி நேரம், மேல்வீட்டறைக்குக் கொடுத்திருக்க வேண்டிய ஒரு மணி நேரம்.

20 பேருக்கு மேல் என்றால் காதில் மாட்டும் ஒலிக்கருவி இருக்கிறதா என்று கேளுங்கள். சந்துகளில் வரிசை நீளும். பின்னால் வருகிறவருக்கு எதுவும் கேட்காது. திருக்கல்லறை ஆலயத்துக்குள் நின்று விளக்கம் சொல்லவும் இடமில்லை. நல்ல வழிகாட்டி முற்றத்திலேயே எல்லாவற்றையும் சொல்லிவிட்டு உள்ளே மௌனமாக அழைத்துப் போவார். அந்த முற்றத்தில் அவர் கதவைக் காட்டி விளக்கவேண்டும். உள்ளே ஆறு கிறிஸ்தவச் சபைகளுக்கு உரிமை: கிரேக்க ஆர்த்தடாக்ஸ், கத்தோலிக்கர், ஆர்மீனியர், காப்டிக், சிரியர், எத்தியோப்பியர். 1852இல் ஒட்டோமான் சுல்தான் இட்ட ஆணைப்படி, அன்று எது எப்படி இருந்ததோ அப்படியே இருக்கவேண்டும். முகப்பில் மேல் ஜன்னலடியில் சாய்த்து வைத்த சின்ன மர ஏணி இன்றும் அதே இடத்தில் இருப்பது அதனால்தான். கதவின் சாவியோ இரண்டு முஸ்லிம் குடும்பங்களின் பொறுப்பில். ஜூதே குடும்பம் சாவியை வைத்திருக்கும், நுசைபே குடும்பம் திறந்து மூடும். காலையில் கதவிலுள்ள சிறு திறப்பின் வழியே உள்ளிருந்து ஏணியை நீட்டுவார்கள். வெளியே நிற்பவர் அதில் ஏறி மேல் பூட்டைத் திறப்பார். மூடும் நேரத்தில் இதே சடங்கு தலைகீழாக நடக்கும். மாலை கல்லறைக்குப் போகிறவர்கள் கடைசிவரை நின்றால் இதைப் பார்க்கலாம்.

கேள்வி: நாங்கள் முஸ்லிம் குடும்பம். பைத்துல் முகத்தஸில் (அல்-அக்ஸாவில்) தொழ வேண்டும். எங்களுக்கும் அந்த மரப்பாலம்தானா?
– வாசகி, காயல்பட்டினம்

பதில்: இல்லை. முஸ்லிம்கள் மற்ற வாசல்கள் வழியாக வரலாம். சிங்க வாசலுக்கு அருகிலுள்ள பாபுல் அஸ்பாத் வெளியூர்க்காரர்களுக்கு எளிது. வாசலில் இஸ்ரேல் காவல்துறையும், உள்ளே வளாகத்தைப் பராமரிக்கும், ஜோர்தானைச் சார்ந்த வக்ஃப் நிர்வாகத்தின் காவலர்களும் இருப்பார்கள். கடவுச்சீட்டைப் பார்ப்பார்கள். சில சமயம் கலிமா அல்லது ஃபாத்திஹா ஓதச் சொல்வார்கள். இதை அவமதிப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். பிள்ளைகளுக்கும் முன்பே சொல்லிவைத்தால் மிரளமாட்டார்கள். பதற்றமான நாட்களில், முக்கியமாக ஜும்ஆவுக்கு, வயது வரம்பு வைப்பதுண்டு. எனவே ஒரே ஒரு வெள்ளியை நம்பிப் போகாமல், இரண்டு, மூன்று வக்துகளுக்காவது நேரம் வையுங்கள்.

நம் வீடுகளில் அல்-அக்ஸா என்று மாட்டியிருக்கும் படத்தில் பெரும்பாலும் பொன்னிறக் குவிமாடம் இருக்கும். அது குப்பத்துஸ் ஸக்ரா, கலீஃபா அப்துல் மலிக் காலத்தில், 691–692இல் முடிந்தது. இமாம் நின்று ஜமாஅத் நடத்தும் கிப்லி பள்ளி வளாகத்தின் தெற்கு ஓரத்தில், ஈய நிறக் குவிமாடத்தோடு இருக்கிறது. முழு வளாகமும் மஸ்ஜிதுல் அக்ஸாவே என்பதால் எங்கே தொழுதாலும் சரி, ஆனால் ஜமாஅத்துக்கு நேரமாகும்போது பொன் குவிமாடத்தை நோக்கி ஓடாதீர்கள். ஹெரோது வாசலருகே, சூஃபி ஞானி பாபா ஃபரீதின் நினைவோடு பல நூற்றாண்டுகளாக இருந்துவரும் இந்திய விடுதியையும் வழிகாட்டியிடம் கேளுங்கள்; முன்கூட்டியே தகவல் சொல்லிவிட்டுப் போவது முறை.

கேள்வி: உடை, செருப்பு, கைப்பை பற்றிச் சொல்லுங்கள்.
– வாசகி, மதுரை

பதில்: ஒரே உடை எல்லா இடத்துக்கும் பொருந்தும்படி உடுத்துங்கள்: முழங்கையும் முழங்காலும் மறைய வேண்டும். சுடிதாரும் துப்பட்டாவும் மிக வசதி. சேலையில் இடுப்பு தெரிந்தால் வளாக வாசலில் மறைக்கச் சொல்வார்கள், ஒரு சால்வை போதும்.

ஆண்களுக்குத் தலை விஷயத்தில் குழப்பம் வரும். ஆலயங்களில் தொப்பியைக் கழற்ற வேண்டும், மேற்குச் சுவரில் தலையை மூட வேண்டும். தொப்பி இல்லாதவர்களுக்கு அங்கேயே இலவசமாகக் கொடுப்பார்கள். செருப்பைக் கழற்றும் நம் பழக்கம் ஆலயங்களிலும் சுவரிலும் தேவையில்லை. பள்ளிவாசலுக்குள் தொழப் போகிறவர்கள் மட்டும் கழற்றினால் போதும்.

பழைய நகரத்தின் தளக்கல் நூற்றாண்டுகளாகக் கால்பட்டு மெருகேறியது. மழைக்காலமான நவம்பர் முதல் மார்ச் வரை அதில் வழுக்கி விழுகிறவர்கள் அதிகம். தோல் அடிப்பாகம் உள்ள செருப்பும் புதிய காலணியும் வேண்டாம். பள்ளம் பள்ளமாக ரப்பர் அடி உள்ள, பழகிய ஷூ போடுங்கள்.

கைப்பை விஷயத்தில்தான் குழுக்கள் அதிகம் மாட்டிக்கொள்கின்றன. மரப்பாலத்தின் சோதனையில் வேதாகமம், ஜெபமாலை, பெரிய சிலுவை, ஒலிவ மரச் சொரூபம் எதையும் உள்ளே விடமாட்டார்கள். முஸ்லிம் அல்லாதவர்கள் வளாகத்தில் ஜெபிக்கக் கூடாது என்பது விதி. உதடசைத்து முணுமுணுத்தாலும் வெளியேற்றுவார்கள். ஒருவர் பையில் ஒரு ஜெபமாலை இருந்தாலும் மொத்தக் குழுவும் நிற்க நேரும். அவற்றை விடுதியிலேயே வைத்துவிட்டு வாருங்கள். கடவுச்சீட்டும், விமான நிலையத்தில் முத்திரைக்குப் பதிலாகத் தரும் நீலச் சீட்டும் மட்டும் உடம்போடு இருக்கட்டும்.

கேள்வி: அம்மாவுக்கு 71 வயது, முழங்கால் வலி. எதை விடலாம்?
– வாசகர், கோவை

பதில்: மேற்குச் சுவரை விட வேண்டாம், ஐயா. வண்டி குப்பைமேட்டு வாசல்வரை வரும், அங்கிருந்து சமதளம். சிலுவைப் பாதையை முழுதும் நடக்க வைக்காதீர்கள். முதல் இரண்டு நிலைகள் சிங்க வாசலுக்குப் பக்கம், அவற்றோடு அன்னாள் ஆலயம் போதும். திருக்கல்லறை ஆலயத்துக்கு தெற்கேயுள்ள முரிஸ்தான் கடைத்தெருப் பக்கமாக வந்தால் படி குறைவு. கல்வாரி மாடிப் படிகள் குறுகலானவை, உயரமானவை, பின்னாலிருந்து கூட்டம் தள்ளும். மேலே போக இயலாவிட்டால், கீழே ஆதாம் சிற்றாலயத்தில் கண்ணாடிக்குப் பின்னால் தெரிவதும் அதே கல்வாரிப் பாறைதான். அம்மா அங்கே நின்று ஜெபிக்கலாம். மடக்கு நாற்காலி ஒன்று கொண்டுபோங்கள், வரிசைகளில் உதவும்.

கேள்வி: உண்மையான கல்லறை எது? திருக்கல்லறை ஆலயமா, கல்லறைத் தோட்டமா?
– வாசகர், தூத்துக்குடி

பதில்: சான்றுகள் ஆலயத்தின் பக்கம்தான் கனமாக இருக்கின்றன. 4ஆம் நூற்றாண்டில் ரோமப் பேரரசர் கான்ஸ்டன்டைன் காலத்தில் அந்த இடத்தை அடையாளம் கண்டு கட்டி, 335இல் பிரதிஷ்டை செய்தார்கள். 1009இல் இடித்தபோதும் இடம் மாறாமல் திரும்பக் கட்டினார்கள். இன்றைய மதில் 16ஆம் நூற்றாண்டில் எழுந்தது. இன்று அதற்குள் இருக்கும் இந்த இடம், இயேசுவின் காலத்து மதிலுக்கு வெளியேதான் இருந்தது. தமஸ்கு வாசலுக்கு வடக்கே இருக்கும் கல்லறைத் தோட்டம் 1880களில் பிரிட்டிஷ் ஜெனரல் கோர்டனின் ஆர்வத்தால் பேர்பெற்றது. அங்குள்ள குகை இயேசுவுக்குப் பல நூற்றாண்டு முந்தைய வகை என்பது தொல்லியலாளர் கேப்ரியல் பார்க்காயின் முடிவு.

ஆனாலும் அங்கே போங்கள். மரநிழலில் குழுவாக உட்கார்ந்து திருவிருந்து எடுக்க, வேதம் வாசிக்க, அழ, அமைதி வேண்டுமென்றால் அதைவிட நல்ல இடம் இல்லை. நுழைவுக் கட்டணம் இல்லை. குழுவுக்கு முன்பதிவு செய்யுங்கள்.

கேள்வி: மேற்குச் சுவரில் சீட்டு வைக்கலாமா? அந்தச் சீட்டுகள் என்னவாகும்?
– மாணவி, வேலூர்

பதில்: யாரும் வைக்கலாம், தமிழிலேயே எழுதலாம். கல்லிடுக்கில் செருகுங்கள், ஏற்கெனவே இருப்பதைப் பிடுங்காதீர்கள். ஆண்டுக்கு இருமுறை, பஸ்காவுக்கும் யூதப் புத்தாண்டுக்கும் முன்னால், எல்லாவற்றையும் சேகரித்து, யாரும் படிக்காமல், ஒலிவ மலையில் புதைக்கிறார்கள். பெண்களுக்கு வலப்பக்கப் பகுதி. வெள்ளி மாலை சூரியன் மறைந்ததிலிருந்து சனி இருட்டும்வரை அங்கே படமெடுப்பதும் எழுதுவதும் கூடாது, சீட்டை முன்பே எழுதிக்கொண்டு போங்கள்.

கேள்வி: அன்றைக்கென்று மரப்பாலத்தை மூடிவிட்டால்?
– வாசகர், நாகப்பட்டினம்

பதில்: முன்னறிவிப்பின்றி மூடுவார்கள். முஸ்லிம் பண்டிகை நாட்களிலும், பதற்றம் எழும்போதும் நடக்கும். புறப்படும் முன் நம் வெளியுறவு அமைச்சகத்தின் பயண அறிவுரையைப் பாருங்கள். தவிர்க்கச் சொல்லியிருந்தால் தேதியை மாற்றுங்கள். அங்கே போன பிறகு பாலம் மூடியிருந்தால், வரிசையில் நின்று வாதாட வேண்டாம். மேற்குச் சுவரை அப்போதே முடித்துக்கொண்டு, அன்னாள் ஆலயத்துக்குச் சீக்கிரம் நடங்கள். மாலையில் கிடைக்கும் அந்த ஒரு மணி நேரத்தைக் கல்லறை வரிசைக்குக் கொடுங்கள்.